தணலம்மாவின் தட்டு

தணலம்மாவை நான் உண்டாக்கியது ஒரு பிடி முட்டைக்கோஸ் பொரியலுக்காக.

மகளுக்கு அப்போது நான்கு வயது. மாற்றலாகிக் கல்கத்தா வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. டாலிகஞ்சில் மூன்றாவது மாடி ஃபிளாட். மனைவிக்கு வேலை சால்ட் லேக்கில்; ஏழரைக்குக் கிளம்பிவிடுவாள். என் அலுவலகம் பத்தரைக்கு என்பதால் காலைச் சமையலும், குழந்தைக்கு ஊட்டுவதும் என் தலையில் விழுந்தன. ஒரு வாய் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். விழுங்கவும் மாட்டாள், துப்பவும் மாட்டாள். எடை ஏறவில்லை என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்லும்போது, குற்றம் சாட்டப்பட்டவன்போல நான் நிற்பேன்.

ஒருநாள் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தபோது, நீலத் தீ உஸ்ஸென்றது. குழந்தை திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுச்சா? உள்ளே ஒருத்தி இருக்கா. தணலம்மா. இந்த வீட்டுச் சோறெல்லாம் அவளோடது. வாயில வெச்சுக்கிட்டு விழுங்காத பிள்ளைங்களைப் பார்த்தா அவளுக்குப் பிடிக்காது."

"பிடிக்கலைன்னா?"

"அடுப்பை அணைச்சுட்டு வேற வீட்டுக்குப் போயிடுவா. போகும்போது அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடுவா."

கன்னத்தில் அடக்கியிருந்த பொரியலை விழுங்கிவிட்டாள். இத்தனை நாளாக நான் தேடிய வழி ஒரு வாக்கியத்தில் கிடைத்தது. அம்மாவைச் சேர்த்தது அதிகம் என்று அப்போது தோன்றவில்லை. வேலை செய்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு அடுப்பு மேடையில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு வந்தது. காலையில் முதலில் வெந்தது எதுவோ அது தணலம்மாவுக்கு. குழந்தை பல் தேய்க்கப் போகும் நேரத்தில் அதை நானே வாயில் போட்டுக்கொள்வேன். காலித் தட்டைப் பார்த்து அவள் கண்ணை விரிப்பாள். தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் இதை நான் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். "சாமியையே சொந்தமாத் தயாரிச்சுட்டீங்களே சார்" என்பார்கள். பெருமையாகத்தான் இருக்கும்.

சட்டங்களும் வளர்ந்தன. அவளுடைய ஆறாவது பிறந்தநாளுக்குக் கீழ்வீட்டுப் பெண் வந்தபோது, இவள் கேக்கைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துவிட்டாள். அந்தப் பெண் ஒன்றும் தின்னாமல் திரும்பிப் போனது. அன்று நான் சொன்னேன்: "நம்ம வாசல்லேருந்து ஒருத்தர் பசியோட போனா, தணலம்மா நம்ம வீட்ல ஒருத்தரைப் பசியோட வெச்சுடுவா. அவங்க வந்து நம்ம வீட்ல சாப்பிடற வரைக்கும்." இவள் கேக்கைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினாள். எட்டு வயதில், வகுப்பில் யாரோ அப்படி ஒரு சாமியே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தாள். உண்மையைச் சொல்லிவிட அதுதான் நேரம். ஆனால் அந்த வாரம் பீர்க்கங்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கலைக்க மனமில்லை. "அவ இல்லைன்னு யார் சொன்னாலும் நம்பாதே. நாளைக்கு நானே சொன்னாலும் நம்பாதே. அப்படிச் சொல்ல வெச்சுத்தான் அவ சோதிப்பா" என்றேன்.

எல்லாப் பக்கமும் கதவை நானே அடைத்தேன்.

எங்கள் வீட்டு வேலைக்கு வந்த மாஷியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களோடு ஆறு வருடம் இருந்தவர். வங்காளத்தில் மாஷி என்றால் சித்தி; அவர் என்னைத் தாதா (அண்ணன்) என்றும் மனைவியைப் பௌதி (அண்ணி) என்றும் மகளைச் சோனா (தங்கம்) என்றும் கூப்பிடுவார். பெஹாலா பக்கம் வீடு. காலை எட்டரைக்கு வந்து பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்து, காய் நறுக்கி, மதியம் மகள் பள்ளி விட்டு வந்ததும் சோறு போட்டு, நாங்கள் வரும்வரை இருப்பார். மகளுக்கு வங்காளம் வந்தது அவரிடமிருந்துதான். தமிழைவிட அதில்தான் அவள் வேகமாகச் சண்டை போடுவாள். மாஷிக்கு எங்கள் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். கலந்துவிடாமல் இருக்க அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. அவை ஸிங்க்குக்குக் கீழே இருக்கும். விருந்தோம்பலுக்கு ஒரு சாமியை மேடைமேல் வைத்திருந்த வீட்டில் மேடைக்குக் கீழே அந்தத் தட்டு இருந்தது. ஆறு வருடமும் அது என் கண்ணை உறுத்தவில்லை.

அன்று திங்கட்கிழமை. மகளுக்குப் பத்து வயது. கோடை விடுமுறை. மனைவி அலுவலக வேலையாக மூன்று நாள் பெங்களூர் போக வேண்டும், விமானத்துக்கு நேரமாகிவிட்டது. தணலம்மாவின் தட்டில் பொடி தடவிய இரண்டு இட்லி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். தட்டை நான் ரகசியமாகக் காலி செய்வதை நிறுத்தி இரண்டு வருடமாகியிருந்தது. மகள் வளர்ந்துவிட்டாள், உச்சிவேளையில் அவளே அதை எடுத்து ஜன்னலில் காக்கைக்கு வைப்பாள். குளித்துவிட்டு வந்தபோது மனைவி கிளம்பியிருந்தாள். மாஷி வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தட்டு காலி. ஓரத்தில் மட்டும் எண்ணெயும் பொடியும்.

மகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து எட்டிப் பார்த்துத் துள்ளினாள். "அப்பா! சாப்பிட்டுட்டா!"

"சாமி சாப்பிட்டா பொடி சிந்தாது" என்றேன். பிறகு வங்காளத்தில், "மாஷி, இதுல இருந்தது எங்கே?"

"தெரியாது தாதா. நான் வரும்போதே காலி."

"இட்லி எழுந்து நடந்து போயிடுச்சா?"

"உங்க சாமிக்கு வெச்சது. உங்க சாமியைத்தான் கேக்கணும்" என்று சிரித்தார். அது சாதாரணச் சிரிப்புதான். எங்களுக்குள் அந்த அளவு கேலி உண்டு. எனக்கு அன்று அது பொறுக்கவில்லை. மனைவி விமானம் ஏறும் நாட்களில் எனக்குக் காலையிலிருந்தே நெஞ்சு படபடக்கும். யார்மீதாவது அதை இறக்கி வைக்க வேண்டியிருக்கும்.

"கேட்டா குடுத்திருக்க மாட்டோமா? திருடித்தான் திங்கணுமா?"

சிரிப்பு போய்விட்டது. "நான் தொடலை தாதா."

"கையைக் காட்டு."

ஆறு வருடமாக வராத ஒருமை அன்று வந்தது. அவர் புரியாமல் ஈரக் கையை நீட்டினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து விரல்களை என் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். என் மகள் பார்த்துக்கொண்டிருக்க, ஐம்பது வயதுப் பெண்ணின் விரல்களை, ஒவ்வொன்றாக. பாத்திரச் சோப்பு வாசனைதான் வந்தது.

"கழுவிட்டா தெரியாதுன்னு நினைச்சியா?" என்றேன்.

மாஷி கையை இழுத்துக்கொண்டார். புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தார், அழுக்குப் பட்டது அவர் கையில் என்பதுபோல. அவருக்கான நான்கு இட்லி பொட்டு வைத்த தட்டில் மூடியிருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்ததும், எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"அதை வெச்சுட்டுப் போ" என்றேன்.

வாசலில் செருப்பை மாட்டியவர் நிமிர்ந்தார். சத்தம் போடவில்லை. "என் மகன் தலைமேல சத்தியம். இந்த வீட்டுச் சோறோ தண்ணியோ இனி என் தொண்டையில இறங்காது."

மகள் "மாஷி, சாப்பிட்டுப் போங்க" என்று படிவரை ஓடினாள். நான் கதவைச் சாத்தினேன்.

மதியம் அவள் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்றாள். இரவும் அதே. மறுநாள் காலை தோசை வார்த்தேன், பக்கத்தில் சர்க்கரை வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தாள்.

"என்னடா கண்ணு, காய்ச்சலா?"

"இல்லப்பா. மாஷி பசியோட போனாங்கல்ல. ஒருத்தர் பசியோட இருக்கணும். அம்மா வெளியூர்ல இருக்காங்க, அங்க மயக்கம் வந்தா யார் பாப்பாங்க? நீங்க பிரஷர் மாத்திரை போடறீங்க, வெறும் வயித்துல போடக்கூடாது. அதனால நான்."

வீட்டுப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். நான் சிரித்தேன் என்பது இப்போது நினைத்தால் கூசுகிறது.

"மாஷிதான் ரெண்டு இட்லியை முழுங்கிட்டாளே. அப்புறம் என்ன பசி?"

"மாஷி சாப்பிடலைன்னு சொன்னாங்க. மாஷி பொய் சொல்ல மாட்டாங்க."

"சரி, உண்மையைச் சொல்றேன் கேளு. தணலம்மான்னு யாரும் கிடையாது. நீ சாப்பிடணும்னு அப்பா சொன்ன கதை."

என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. "நீங்களே இப்படிச் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். அவதான் சொல்ல வைக்கறா."

அன்று மதியம் நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். அவளை மடியில் இறுக்கி, தாடையை அழுத்தித் திறந்து, ரசம் சோற்றை உள்ளே தள்ளினேன். கன்னத்தில் என் விரல் பதிந்தது. விழுங்கினாள். அடுத்த நிமிடம் என் சட்டை முழுவதும் வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, "ஸாரிப்பா" என்றாள்.

அப்போதே பெஹாலாவுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. திருடியவளிடம் நான் போய் நிற்பதா என்று இருந்தது. அந்த இரண்டு நாளும் என் மகளைப் பட்டினி போட்டது என் வீம்பு. மனைவி ஃபோன் செய்தபோது, மாஷி வேலையை விட்டுவிட்டார், மற்றபடி எல்லாம் சரி என்றேன்.

புதன்கிழமை காலை பாத்ரூம் வாசலில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் வந்தார். சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரைக் கொடுக்கச் சொன்னார். ஒரு வாய் வைத்ததுமே ருசியைக் கண்டுபிடித்துத் துப்பினாள். "இது தண்ணி இல்லை" என்றாள். நாளை மதியத்துக்குள் ஏதும் உள்ளே போகாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" இல்லை என்றேன்.

சாயங்காலம் மனைவி வந்தாள். குழந்தையைப் பார்த்தவள் பெட்டியை நடுக் கூடத்தில் அப்படியே போட்டுவிட்டாள். என்னை அறைக்கு வெளியே நிறுத்திக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தத் தட்டு?"

"அடுப்பு மேடை மேல இருக்குமே. ரெண்டு இட்லி வெச்சிருந்தேன்."

"அதை நான்தான் சாப்பிட்டேன். கார்க்காரன் கீழே ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்தான். கையில எடுத்துக்கிட்டு ஓடினேன்."

"கையை மோந்தீங்களா? நிஜமாவா?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு, "விடிஞ்சதும் போங்க. கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாங்க" என்றாள்.

ஆறு வருடத்தில் மாஷியின் வீட்டுக்கு நான் போனது அன்றுதான். மெயின் ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கி, இரண்டு குளங்களைச் சுற்றிக் கேட்டுக் கேட்டுப் போக வேண்டியிருந்தது. ஒற்றை அறை. தரையில் அரிவாள்மணை முன் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"என்ன தாதா, இங்கேயும் தட்டு காணலையா?"

நின்றபடியே சொன்னேன். இட்லியைத் தின்றது என் மனைவி என்பதைச் சொன்னபோது அவர் முதன்முறையாக நிமிர்ந்தார்.

"அப்போ உங்க சாமி பிளேன் ஏறிப் போயிட்டா" என்று சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்க, "ஒண்ணுமில்லை, பெரிய ஆபீஸர் வந்திருக்கார், என் கையை மோந்து பார்க்க" என்றார். எனக்குக் காது எரிந்தது. நிற்கத்தான் வேண்டியிருந்தது.

"குழந்தை மூணு நாளாச் சாப்பிடலை மாஷி. நீங்க வந்து ஒரு வாய் சாப்பிட்டாத்தான் சாப்பிடுவேங்கறா."

சிரிப்பு நின்றது. "நான் எப்படிச் சாப்பிட முடியும்? மகன் தலைமேல சத்தியம் பண்ணிட்டேனே. அவன் எங்க இருக்கான் தெரியுமா? உங்க ஊர்லதான். சென்னையில சாரத்துல ஏறி நின்னு பூச்சு வேலை பண்றான். பதினோரு மாடி. உங்க வீட்டுச் சோத்துக்காக அவன் தலையை நான் கொடுக்கணுமா?"

வேறு வழியில்லாமல், மகள் சொன்னதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அம்மாவின் மயக்கம், என் மாத்திரை, 'மாஷி பொய் சொல்ல மாட்டாங்க' என்றது.

கடைசியில் சொன்னதைக் கேட்டு அவர் கை நின்றது. பிறகு எழுந்து கை கழுவினார்.

ஆட்டோவில் என் பக்கத்தில் உட்காரவில்லை. டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மனைவி மேசையில் சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள். நாங்கள் சாப்பிடும் தட்டு. மாஷி அதைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். "பொட்டு இல்லையே பௌதி. மாத்தி வெச்சுட்டீங்களா?" மனைவி அழ ஆரம்பித்தாள். மாஷி அவளைக் கவனிக்கவில்லை.

மகள் சோபாவில் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. மாஷியைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள். "மாஷி, சாப்பிடுங்க. சீக்கிரம்."

மாஷி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். "நான் சாப்பிட வேண்டியதில்லை சோனா. அன்னிக்கே சாப்பிட்டேன். அந்த ரெண்டு இட்லியை எடுத்தது நான்தான். பசியோட போகலை. வயிறு ரொம்பித்தான் போனேன்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாஷி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டாள்.

"அப்பா கேட்டப்போ இல்லைன்னு சொன்னீங்களே?"

"பயத்துல சொன்னேன்."

"அப்பா கையை மோந்து பார்த்தப்போ வாசனையே வரலை."

"கழுவிட்டேன்" என்றார் மாஷி. சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

மகள் அவரையே பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்று அணைந்ததை நான் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்குத் தயிர் சாதம்" என்றாள்.

மனைவி பிசைந்து கொடுத்தாள். மகள் தானே அள்ளி, மூச்சு விடாமல் சாப்பிட்டாள். மாஷி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். பாதித் தட்டு காலியானதும் மகள் நிமிராமல், வங்காளத்தில், மாஷிக்குப் புரியும்படியே சொன்னாள்: "இந்த மாஷி இனிமே வேண்டாம்ப்பா. திருடி."

நான் அவளைத் திருத்தவில்லை. இன்னும் பாதித் தட்டு பாக்கி இருந்தது.

மாஷி எழுந்தார். வெயில் உச்சியில் இருந்தது. மனைவி தண்ணீர் நீட்டினாள், தலையசைத்து மறுத்துவிட்டார். நான் கேட் வரை பின்னால் போனேன். ஆட்டோவுக்கு என்று பணத்தை நீட்டினேன். அதையும் தொடவில்லை.

"இன்னிக்குத்தான் தாதா நிஜமாப் பசியோட போறேன். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. அவகிட்டச் சொல்லிடாதீங்க" என்றார்.

அதற்குப் பிறகு மாஷியை நான் பார்க்கவில்லை. ஒரு முறை மனைவி மட்டும் பெஹாலாவுக்குப் போய்வந்தாள். வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டாராம். போனவளுக்குத் தண்ணீர் கொடுத்தாரா என்று கேட்டேன். கொடுத்தார் என்றாள், நல்ல கண்ணாடி டம்ளரில்.

மகளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. புரிந்துகொள்வாள் என்கிறாள் மனைவி. ஆனால் வாயைத் திறக்கும்போதெல்லாம் வெடித்த உதடுதான் கண்முன் வருகிறது. உண்மை இதுதான்: மாஷி திருடவில்லை, இரண்டு முறை எங்கள் வாசலிலிருந்து பசியோடு போனார், இன்னும் வந்து சாப்பிடவில்லை, சாப்பிடவும் மாட்டார். இதைக் கேட்டால் அவள் மறுபடி தட்டைத் தள்ளிவிட்டால்? நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்துவிடுகிறேன்.

தணலம்மாவின் தட்டு இன்னும் மேடையில்தான் இருக்கிறது. மகளே வைக்கிறாள், மகளே கவனித்துக்கொள்கிறாள். புதிதாக வந்திருக்கும் மாஷி இளம்வயது, எதற்கும் சிரிப்பவர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் மகள் அவரிடம் போய், "கையைக் காட்டுங்க" என்றாள். அவர் காட்டினார். விரல்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டு, "சரி" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கேட்க வேண்டியதே இல்லை. அந்தப் பெண் இதைக் குழந்தையின் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தினமும் பாத்திரம் தேய்த்து முடித்ததும், சிரித்துக்கொண்டே வந்து, ஈரக் கையை அவரே என் மகளின் மூக்கருகே நீட்டுகிறார்.